நீக்கி வரை

பாடாங் பெசார்

மலேசியக் குடிநுழைவும் தாய்லாந்துக் குடிநுழைவும் இங்கே ஒரே கூரைக்குக் கீழ் இருக்கின்றன. கடப்பிதழில் இந்தப் பக்கம் ஒரு முத்திரை, சில அடி நடந்தால் அந்தப் பக்கம் ஒரு முத்திரை. அத்தை நடுவில் நின்று, "இம்புட்டுத்தானா?" என்று கேட்டார். கெடாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். எண்பதைத் தாண்டிய இந்த வயதிலும் அதே மாநிலத்தில்தான் இருக்கிறார். ஊரே வேன் பிடித்து ஹட்யாய்க்குப் போய்த் துணிமணி வாங்கி, கோழி தின்று திரும்பிய காலத்திலும் அவர் இந்தக் கோட்டைத் தாண்டியதில்லை.

காரணம் எல்லோருக்கும் தெரியும். எங்கள் தோட்டத்தில் "சயாமுக்குப் போனவரு" என்று ஒருவரைச் சொன்னால் அதற்கு மேல் யாரும் விசாரிக்க மாட்டார்கள். என் தாத்தா 1943 தொடக்கத்தில் சயாமுக்குப் போனவர். அத்தை அப்போது பாட்டியின் வயிற்றில். என் அப்பாவுக்கு நடக்கத் தெரிந்திருந்தது.

பர்மாவுக்கு ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று ஜப்பான்காரர்கள் தோட்டம் தோட்டமாகக் கேட்டார்கள். நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், மூன்று மாத வேலை, குடும்பத்தையும் கூட்டி வரலாம் என்பது வாக்குறுதி. ரப்பர்ப் பால் விலை போகாமல், அரிசி இல்லாமல், மரவள்ளிக் கிழங்கைத் தின்றுகொண்டிருந்த ஜனம். முதலில் தாங்களாகவே போனார்கள். போனவர்களிடமிருந்து சேதி வராமல் போனதும் ஆள் குறைந்தது. பிறகு பிடித்துக்கொண்டு போனார்கள். சில ஊர்களில் இலவசப் படம் என்று கூட்டம் சேர்த்து, கொட்டகைக் கதவைச் சாத்தி, அப்படியே ரயிலில் ஏற்றிய கதையைப் பலரும் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் தோட்டத்தில் அவ்வளவு ஜாலம் தேவைப்படவில்லை. வீட்டுக்கு ஓர் ஆள் என்று தோட்ட அலுவலகக் கிராணி எழுதிக் கொடுத்தார். எங்கள் வீட்டில் எழுதப்பட்டது தாத்தாவின் தம்பி. மீசை முளைக்காத பையன். அவனை இறக்கிவிட்டுத் தாத்தா லாரியில் ஏறினார்.

இறங்கிய பையன்தான் எங்கள் சின்னத் தாத்தா. அண்ணன் பிள்ளைகளை ஆளாக்கும் வரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நாற்பதை நெருங்கி ஒருத்தியைக் கட்டி, அதன் பிறகு பிறந்தவர்கள்தான் இன்று பட்டர்வொர்த்தில் இருக்கும் என் சித்தப்பாக்கள். ஒருவர் ஏறி ஒருவர் இறங்கியதில் பிறந்த உறவுமுறை இது. அதனாலோ என்னவோ, பொங்கலுக்கு அவர்கள் வீட்டுக்குப் போனால் முதல் தட்டு எங்களுக்குத்தான் வரும்.

தெற்கு ரயில் பாதை

ஹட்யாயில் ஏறிய கோழி வியாபாரி அத்தையிடம் மலாயில் பேசினாள். வறுத்த சின்ன வெங்காயம் தூவிய கோழியும், வாழையிலையில் மடித்த புலுட் சோறும். அத்தை தன் டப்பாவில் இருந்த புளிச்சோற்றை அவளுக்கு ஒரு கை அள்ளிக் கொடுத்தார். அவள் தின்று பார்த்து, நல்லெண்ணெயைப் பற்றி ஏதோ கேட்டாள். இரண்டு பேரும் சமையல் பேசிக்கொண்டே சூராட்தானி வரை வந்திருப்பார்கள். அவள்தான் அதற்கு முன்பே இறங்கிவிட்டாள்.

இதே தண்டவாளத்தில்தான் தாத்தாவையும் மற்றவர்களையும் கொண்டுபோனார்கள். மூடிய சரக்குப் பெட்டி, உட்கார முடியாத நெரிசல், பகலில் கொதிக்கும் இரும்பு, நாலைந்து நாள் பயணம். நான் சாய்ந்து படுத்திருந்த பெர்த்தில் குளிரூட்டி காலைக் கடித்தது.

விடியும்போது பெட்சபுரி. நெல்வயல்களுக்கு நடுவே பனைமரங்கள்! ஒன்றிரண்டு இல்லை, வரப்பெல்லாம் பனை. மலேசியாவில் செம்பனை தெரியும், தென்னை தெரியும். வயலில் நிற்கும் பனையை நாங்கள் தமிழ்ப் படத்தில்தான் பார்த்திருக்கிறோம். தாத்தா முசிறிப் பக்கத்துக்காரர். பதினைந்து வயதில் நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவர். பெட்டிக் கதவு இங்கே எங்காவது திறந்திருந்தால், ஊரைவிட்டு வந்த பிறகு பனையை அவர் மறுபடி பார்த்தது இங்கேதான் இருக்கும். இதை நான் சொன்னபோது அத்தை, "தொறந்திருந்தா குதிச்சிருக்க மாட்டாரா?" என்றார்.

பான் போங்

மலாயாவிலிருந்து ரயிலில் வந்தவர்களை இறக்கிய ஊர் இது. இதன் அருகே நோங் பிளாடுக் என்ற இடத்தில்தான் புதுப் பாதை கிளை பிரிந்தது. அங்கிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். 1942-ல் இரண்டு முனையிலும் தொடங்கி, 1943 அக்டோபர் 17 அன்று கொன்கொய்தா அருகே இணைத்தார்கள். மலையும் காடும் மழையும் நிறைந்த அந்தத் தூரத்தை அவ்வளவு வேகத்தில் முடிக்க முடிந்தது, ஆள் செத்தால் அடுத்த ஆள் என்ற ஒரே கணக்கினால்.

நிலையத்துக்கு வெளியே பன்றி இறைச்சிப் பொட்டலமும் ஐஸ் காப்பியும் விற்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் போகிறார்கள். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. நாங்களும் அதிக நேரம் நிற்கவில்லை.

காஞ்சனபுரி

அந்தப் பாதையின் ஆற்றுப் பாலத்தைப் பார்க்க வருகிறவர்கள்தான் இந்த ஊருக்கு அதிகம். அந்தப் பாலத்தைப் பற்றி 1957-ல் வந்த ஆங்கிலப் படம் செய்த வேலை. அந்தப் படத்தை இங்கே எடுக்கவில்லை, இலங்கையில் கித்துல்கலையில் களனி ஆற்றில் எடுத்தார்கள். பாலம் நின்றதும் உண்மையில் மே குளோங் ஆற்றின் மேல். படம் பார்த்துவிட்டு வந்தவர்கள் அதன் பெயரில் இருந்த குவாய் ஆறு எங்கே என்று கேட்கத் தொடங்கியதும், 1960-ல் ஆற்றின் அந்தப் பகுதிக்கே குவே யாய் என்று பெயரை மாற்றிவிட்டார்கள். கேட்டு வந்தவர்களுக்காக ஓர் ஆற்றின் பெயரையே மாற்றத் தெரிந்த ஊர்.

நாங்கள் முதலில் போனது போர்க் கல்லறைக்கு. ஊர் நடுவே, ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில். புல்லைச் சீப்பு வைத்து வாரியிருப்பார்களோ என்று தோன்றும். வரிசை வரிசையாக ஏறக்குறைய 7,000 கல்லறைகள். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு வீரர்கள். ஒவ்வொன்றுக்கும் வெண்கலத் தகடு, பெயர், படைப்பிரிவு, வயது, இறந்த தேதி. பாதை வேலைக்கு வந்த போர்க் கைதிகள் 60,000-க்கு மேல்; இறந்தவர்கள் 12,000-க்கு மேல். போர் முடிந்த சில வாரங்களிலேயே ஒரு சிறு குழு பாதை நெடுகப் போய்க் காட்டுக்குள் இருந்த சுமார் 10,000 குழிகளைக் கண்டுபிடித்தது. கைதிகளின் அதிகாரிகள் ஜப்பானியருக்குத் தெரியாமல் எழுதி ஒளித்து வைத்த பட்டியல்கள் கையில் இருந்தன.

ஒரு டச்சுத் தம்பதி, அத்தை வயதுதான் இருக்கும், ஒரு தாளை வைத்துக்கொண்டு வரிசை எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார்கள். கணவரின் மாமா. வெயில் தாங்காமல் அந்த அம்மாள் நின்றபோது அத்தை தன் குடையை நீட்டினார். கொஞ்ச நேரத்தில் அவர்களுக்குக் கல் கிடைத்துவிட்டது. குடையைத் திருப்பிக் கொடுக்கும்போது, "உங்களுடையவர் எந்த வரிசை?" என்று கேட்டார்கள். நான் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிச் சமாளிக்கப் பார்த்தேன். அத்தைக்கு ஆங்கிலம் தெரியாது, கேள்வி புரிந்துவிட்டது. கையை விரித்துக் காட்டினார்.

ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல் என்பது மதிப்பீடு. தமிழர், மலாய்க்காரர், சீனர், ஜாவாக்காரர், பர்மியர். மலாயாவிலிருந்து மட்டும் 75,000-க்கு மேல். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். மொத்தத்தில் 90,000 பேராவது இறந்திருப்பார்கள் என்கிறார்கள். எல்லாமே "சுமார்" தான். கைதி முகாம்களில் மருத்துவர்கள் இருந்தார்கள், மருந்து இல்லாவிட்டாலும் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்ல, கக்கூஸைத் தள்ளித் தோண்டச் சொல்ல ஆள் இருந்தது. கூலி முகாம்களில் அதுவும் இல்லை. காலரா பரவிக் கைமீறிய பிறகுதான், 1943-ன் நடுவில், சிங்கப்பூரில் இருந்த கைதி மருத்துவர்களைச் சேர்த்துக் கே ஃபோர்ஸ், எல் ஃபோர்ஸ் என்று இரண்டு குழுக்களைக் கூலி முகாம்களுக்கு அனுப்பினார்கள்.

கல்லறைத் தோட்டத்தில் நான் தேடி வந்த ஒன்று இருந்தது. நீக்கி என்னும் முகாமில் 1943 மே, ஜூனில் காலராவில் இறந்து எரிக்கப்பட்ட 300 வீரர்களின் சாம்பலை இரண்டு குழிகளில் வைத்திருக்கிறார்கள். பெயர்களை மண்டபத்துப் பலகைகளில் பொறித்திருக்கிறார்கள். நீக்கி என்ற சொல் எங்கள் வீட்டில் எண்பது ஆண்டாக இருக்கிறது. 1946-ல் திரும்பி வந்தவர்களில் பக்கத்து லயத்து ஆள் ஒருவர், காலில் ஆறாத புண்ணோடு, பாட்டியிடம் சொன்னது இது: "நீக்கியில பார்த்தேன். பேதி கண்டிருந்துச்சு." அவ்வளவுதான். செத்தார் என்று அவர் சொல்லவில்லை. வேறு தோட்டத்துக்குத் திரும்பிய இன்னொருவர், தாத்தா காட்டுக்குள் ஓடிவிட்டார், அங்கே ஒரு மோன் பெண்ணோடு இருக்கிறார் என்று சொல்லியனுப்பினார். இரண்டில் எதையும் பாட்டி மறுக்கவில்லை. சாகும் வரை பொட்டும் தாலியுமாகவே இருந்தார். தாத்தாவுக்குத் திதி கொடுக்க யாரையும் விடவில்லை. பாட்டி போன பிறகுதான், இறந்த நாள் தெரியாதவர்களுக்குக் கொடுக்கும் மகாளய அமாவாசையில், அப்பா முதன்முறை எள்ளும் தண்ணீரும் இறைத்தார்.

அத்தை அந்த 300 பெயர்களையும் விரலால் தொட்டுக்கொண்டே போனார். ஆங்கில எழுத்து அவருக்குப் படிக்க வராது. "இவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றார்.

பாலத்தருகே ஆற்றோரமாக ஒரு நினைவுத் தூண் இருக்கிறது. பாதை போட்ட ஜப்பானிய ரயில்வே படையே 1944-ல் எழுப்பியது. இறந்தவர்களுக்காகப் பல மொழிகளில் கல்வெட்டு வைத்திருக்கிறார்கள், தமிழிலும் உண்டு. தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்த அத்தை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டுத் திரும்பினார்.

"இத வச்சது யாரு?"

"ஜப்பான்காரன்தான், அத்தை."

"அவனேயா?"

அவர் கேட்டது அதோடு சரி. எனக்கோ அன்று முழுதும் எரிச்சல். வெள்ளைக்காரன் தன் வீரர்களை ஒருவர் விடாமல் பொறுக்கி எடுத்துப் புல் வளர்த்து வைத்தான். பிடித்துக்கொண்டு போனவன் தமிழில் ஒரு கல் வைத்தான். இந்தக் கூலிகளை வைத்து ரப்பர் விற்றவர்களும், பின்னர் அவர்களின் ஓட்டை வாங்கிச் சுதந்திர நாடு நடத்தியவர்களும் அதைக்கூடச் செய்ய நினைக்கவில்லை.

கல்லறைத் தோட்டத்தை ஒட்டியே வியட்நாமிய மரபு புத்த விகாரை ஒன்று, வாட் தாவோர்ன். தொழிலாளர்களின் எலும்புகளை எடுத்துவைத்த நினைவிடம் அதன் வளாகத்தில் இருக்கிறது. இந்த ஊரில் மண்ணைத் தோண்டினால் எலும்பு வரும். 1990-ல்கூட ஒரு வயலில் கூட்டுப் புதைகுழி அகப்பட்டு நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் வெளியே வந்தன. விகாரையில் 2023-ல் தமிழர்கள் ஒரு நடுகல் நாட்டியிருக்கிறார்கள். எல்லா நினைவுச் சின்னங்களிலும் எனக்கு நெருக்கமாகப்பட்டது அதுதான், ஒரு குறையோடு. ஆநிரை மீட்டு மாண்டவன் பெயரும் பெருமையும் எழுதி நிறுத்துவது நம் முன்னோர் வைத்த நடுகல். இங்கே எழுதப் பெயர் யாரிடமும் இல்லை. அத்தை கற்பூரமும் வெற்றிலையும் ஒரு கட்டுச் சுருட்டும் கொண்டுவந்திருந்தார். தாத்தா சுருட்டுக்காரராம். காற்றில் கற்பூரம் நிற்காமல் அணைந்துகொண்டே இருந்தது. பெருக்கிக்கொண்டிருந்த ஓர் இளம் பிக்கு துடைப்பத்தை வைத்துவிட்டு வந்து, தன் காவியை விரித்துக் காற்றுக்கு மறைப்பாக நின்றார்.

வாங் போ, நாம் தோக்

பழைய பாதையில் இன்னும் ரயில் ஓடுவது நாம் தோக் வரைதான். மரவள்ளிக் காடு, கரும்பு, பிறகு குவே நொய் ஆறு. வாங் போவில் பாறைச் சுவரை ஒட்டி, ஆற்றின் மேல், மரக்கால்கள் தாங்கிய பாலத்தில் வண்டி ஊர்ந்து போகிறது. சுற்றுலாக்காரர்கள் எல்லோரும் ஒரு பக்கமாகக் கூடி கைப்பேசியை நீட்டினார்கள். அத்தை மறுபக்கச் சன்னலில் உட்கார்ந்து மரவள்ளித் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார். "இத தின்னு தின்னு நாக்குச் செத்துப் போச்சுன்னு அம்மா சொல்லும். இங்க வந்தும் இதானா?"

ஹெல்ஃபயர் பாஸ்

நாம் தோக்குக்கு மேலே தண்டவாளம் இல்லை. போருக்குப் பின் எல்லைப் பக்கத்தைப் பிரிட்டிஷார் பெயர்த்தார்கள். மற்றதை விலைக்கு வாங்கிய தாய்லாந்து, வேண்டியதை வைத்துக்கொண்டு மீதியைக் கழற்றிவிட்டது. கொன்யு மலைவெட்டு மட்டும் அப்படியே நிற்கிறது. 75 மீட்டர் நீளம், 25 மீட்டர் வரை ஆழம், முழுக்கப் பாறை. ஒருவன் உளியைப் பிடிக்க இன்னொருவன் சம்மட்டியால் அடித்து, வெடிக்குத் துளை போட்டு, உடைந்த கல்லைக் கூடையில் சுமந்து வெட்டியது. இரவில் தீப்பந்த வெளிச்சத்தில் எலும்புக்கூடுகள் வேலை செய்வதைப் பார்த்து வெள்ளைக் கைதிகள் நரகத்தீ என்று பெயர் வைத்தார்கள். ஆஸ்திரேலியா 1998-ல் இங்கே ஒரு காட்சியகம் கட்டியது. ஆஸ்திரேலியர்கள் தங்கள் போர் நினைவு நாளான ஏப்ரல் 25-ல் விடியலுக்கு முன்பே வந்து அஞ்சலி செலுத்துகிறார்கள்.

படிகள் அதிகம் என்பதால் அத்தை மேலேயே இருந்துவிட்டார். நான் மட்டும் இறங்கினேன். பாறைச் சுவரில் ஓர் உளி முறிந்து துளைக்குள்ளேயே நிற்கிறது. மூங்கில்கள் அடர்ந்து மேலே கூடாரம் போட்டிருக்கின்றன. சிராய்ப்புப்பட்ட காலில் இந்த மூங்கில் குத்தியதே பலருக்கு எமனானது. குத்திய இடம் புண்ணாகி எலும்பு வரை தின்றுவிடும். பக்கத்து லயத்து ஆளின் புண் இப்படி வந்ததுதான். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலைப் பள்ளி நாளில் படித்தபோது எனக்கு அந்த ஆளின் காலைக் கட்டியிருந்த துணி நினைவுக்கு வந்தது. அவர் அப்போதும் உயிரோடு இருந்தார், ஈக்கு விசிறிக்கொண்டு.

சங்க்லாபுரி

மலைப்பாதை ஏறி இறங்கி, எல்லைக்குச் சற்று முன்னால், பெரிய ஏரி. ஏரி என்றால் அணை நீர். 1984-ல் காவ் லேம் அணை நிரம்பியபோது பழைய சங்க்லாபுரி ஊரும், கோயிலும், ரயில் பாதையின் இந்தப் பகுதியில் பெரும்பாலானதும் தண்ணீருக்கு அடியில் போயின. மலாயாக் கூலிகளின் மோசமான முகாம்கள் இருந்த பள்ளத்தாக்கு இது. நீக்கி பக்கத்தில்தான். நாங்கள் வந்து சேர வேண்டியிருந்த இடம் படகு போகிற இடமாக இருக்கிறது.

இது அத்தையைப் பெரிதாக வருத்தவில்லை. அவர் பிறந்த தோட்டம் முதலில் செம்பனையாகி, பிறகு வீடமைப்புத் தாமானாகிவிட்டது. பாட்டியைப் புதைத்த தோட்டத்து இடுகாட்டின் மேல் இன்று இரட்டை மாடி வீடுகள் நிற்கின்றன. புருஷனின் குழி எது என்று தெரியாமலே போனவளுக்கும் இன்று குழி இல்லை.

நீளமான மரப்பாலத்தைக் கடந்தால் மோன் மக்களின் குடியிருப்பு. கன்னத்தில் சந்தனம்போல் தனக்கா பூசிய பெண்கள், தலையில் தட்டு. ஒரு கடையில் அரிசி நூடுல்ஸ் மேல் ஊற்றும் குழம்பில் வாழைத்தண்டு மிதந்தது. எங்கள் வீட்டுக் கூட்டில் நறுக்குகிற மாதிரியே வட்ட வட்டமாக. அத்தை இன்னொரு கிண்ணம் வாங்கினார். கடைக்காரருக்கு எழுபது வயது இருக்கும். எங்கள் படகுக்காரப் பையன் கொஞ்சம் ஆங்கிலம் பேசுவான். அவனை வைத்துக் கேட்டோம். தன் அப்பா காலத்தில் காட்டிலிருந்து ஓடி வந்தவர்களை வீட்டில் மறைத்துச் சோறு போட்டதாகவும், சிலர் இங்கேயே தங்கியதாகவும் அவர் சொன்னார். எந்த நாட்டுக்காரர்கள் என்று கேட்டதற்கு, "கறுப்பு ஆட்கள்" என்று அத்தையைக் கைகாட்டிச் சிரித்தார். பிறகு தவறாகச் சொல்லிவிட்டோமோ என்று பதறி, கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினார்.

படகில் அத்தை நெடுநேரம் பேசவில்லை. மூழ்கிய கோயிலின் சுவர்கள் நீருக்கு மேல் தெரிந்தன. கோடையில் முழுதும் வெளிப்படுமாம்.

"அந்த மோன் பொம்பள கத நெசமா இருக்குமா, அத்தை?"

"இருந்தா இருக்கட்டுமே. பசியோட செத்திருக்க மாட்டாரு."

"அப்ப திதி?"

"அது பாட்டுக்குக் குடுங்க. எங்க செத்தாலும் எண்பது வருசம் இருக்க மாட்டாரில்ல?" எண்பதைத் தாண்டிய அவரே இதைச் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை.

இரவு விடுதித் திண்ணையில் என் குறிப்பேட்டைப் பார்த்துவிட்டு, "எழுதிக்கோ தம்பி" என்று தொடங்கினார். எங்கள் தோட்டத்திலிருந்து சயாமுக்குப் போனவர்களைப் பாட்டி இரவுகளில் ஒவ்வொருவராகச் சொல்வாராம். கோயில் மேளக்காரர். கிராணி வீட்டு ஆயாவின் இரண்டாவது மகன். பால் கொட்டகைக் காவல்காரர், அவர் பெண்சாதி, கைக்குழந்தை. ஆடு மேய்த்த கிழவரின் பேரன், அவன் வந்துவிட்டான், அவனையும் போடு. தண்டலோடு சண்டை போட்டதற்காக அனுப்பப்பட்டவர். பாதிப் பேருக்கு அத்தைக்குப் பெயர் தெரியவில்லை. நான் பேனாவை நிறுத்தினேன்.

"பேரு தெரியலன்னா லயத்து நம்பரப் போடு. ஆறாம் நம்பர்ல ரெண்டு பேரு. ஒம்பதுல ஒருத்தரு. பதினொண்ணுல... இரு, பதினொண்ணு நாங்க."